மரத்தரையில் உப்பு விளைத்தவன்

இனிமேல் குடம் தூக்குவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெறுவாய் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அதாவது, அன்றுவரை கிடையாது.

மரக்காணத்தில் எங்கள் தெருவில் தரையைக் கிளறினாலே தண்ணீர் வரும். ஆனால் அந்தத் தண்ணீரில் சாம்பார் வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். குடிக்கவும் பொங்கவும் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மெயின் ரோட்டு முனையில் இருக்கும் குழாய்க்குத்தான் போகவேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி போவாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தன் போவான். அந்த ஒருத்தன், தட்சணாமூர்த்தி ஆகிய நான். என் டி.வி.எஸ். வண்டியில் இரண்டு பக்கமும் குடம் தொங்கும். நடுவில் என் மானம் தொங்கும்.

குழாயடியில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒரே ஆம்பளை. அவர்கள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். பாவப்படுவார்கள். "அண்ணன் முன்னாடி புடிச்சிக்கட்டும்டி, பாவம்" என்று வழிவிடுவார்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது நிறைகுடத்தைவிடக் கனம்.

இத்தனைக்கும் என் பிழைப்பே தண்ணீரில்தான். ஈ.சி.ஆர். ரோட்டின் மேலேயே 'தட்சணா வாட்டர் சர்வீஸ்' என்று ஷெட் போட்டிருக்கிறேன். உப்பளத்து லாரிகளெல்லாம் என்னிடம்தான் குளிக்க வரும். பிரஷர் கன்னை நான் கையில் எடுத்தால் சக்கரத்துச் சேறு பயந்தே பாதி உதிர்ந்துவிடும். ஷெட்டுக்குப் பின்னாலேயே போர் இருக்கிறது. உப்புத் தண்ணீர்தான். உப்பு லாரிக்கு உப்புத் தண்ணீர், ஜாடிக்கேற்ற மூடி. லாரியில் உப்பு, ரோட்டில் உப்பு, டிரைவர் மீசையில் உப்பு. இதில் தண்ணீர் உப்பென்று யார் கண்டுபிடிப்பது? காலம் காலமாக ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் குழாயடியில் நிற்கும்போது என் வாடிக்கைக்கார லாரி ஒன்று மெதுவாகப் போனது. டிரைவர் தலையை நீட்டினான்.

"இன்னா முதலாளி, சர்வீஸ் கடைக்குத் தண்ணிய இப்படித்தான் குடத்துல கொண்டு போறீங்களா?"

குழாயடி மொத்தமும் சிரித்தது. குழாய்கூடச் சிரித்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அங்கேயே, அந்த ஈரத்தில் நின்றபடியே, சபதம் எடுத்துவிட்டேன்.

சபதத்துக்குத் துணையாக அன்றைக்கே ஒரு வேலையும் வந்தது. பதினொரு மணி வாக்கில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் முசியே லூர்துநாதன்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுக்காரர்களின் கப்பற்படையில் வேலை செய்துவிட்டு, பென்ஷனோடு பாண்டிச்சேரியில் இருப்பவர். எங்கள் ஊர் எல்லையில், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருக்கிறார்.

"மூர்த்தி, நம்ம டெக்கு ஒண்ணைக் கழுவணும்ப்பா. அழுக்காப் போயிருச்சு."

"டெக்கைத் தண்ணியில கழுவக் கூடாது முசியே. கேசட்டு சிக்கிக்கும். கடையில குடுத்து ஹெட்டு க்ளீன் பண்ணுங்க."

அவர் என்னை ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். படம் போடும் டெக் இல்லை. வீட்டை ஒட்டி, கடலைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில் தேக்குப் பலகைகளை வரிசையாக அடித்துப் போட்ட மரத்தரை. கப்பலின் மேல்தளம் மாதிரியே வேண்டும் என்று ஆசைப்பட்டு, பாண்டியில் இடித்த பழைய வீட்டு உத்தரங்களை வாங்கி அறுத்துப் போட்டிருக்கிறார். வெயிலும் கடல் காற்றும் அதை நரைக்க வைத்துவிட்டன. நிழல் விழும் பக்கமெல்லாம் பாசி வேறு.

"எம் பொண்ணு பாரிஸ்லேர்ந்து வருது. பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானம். விருந்து இங்கதான். அதுக்குள்ள இது புதுசா மின்னணும். கழுவி, காயவெச்சி, தேய்ச்சி, எண்ணெய் பூசித் தரணும். முடியுமா?"

"லாரியையே மின்ன வெக்கறவன் முசியே நான்."

"லாரி இரும்புப்பா. இது மரம். நல்லாக் கேட்டுக்க. பிரஷரைக் கொறைச்சிடணும். ஊசி மாதிரி பீச்சுற நாசில் ஆவாது, விசிறி மாதிரி பரப்புறதைப் போடணும். தள்ளி நிக்கணும். மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே போவணும், குறுக்கே போவக் கூடாது. மொதல்ல யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில அடிச்சிப் பாத்துட்டு அப்புறமா ஆரம்பிக்கணும். புரிஞ்சிதா?"

கப்பலில் டெக் கழுவிய அனுபவத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் குழாயடியில் இருந்தது.

"தண்ணி நல்ல தண்ணிதானே? இந்த போர் புதுசாப் போட்டது. நான் இன்னும் வாயில வெச்சிப் பாக்கல."

பம்பைப் போட்டுக் கையில் பிடித்துப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. "என் ஷெட்டுத் தண்ணி மாதிரியே இருக்குது முசியே" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் திருப்தியாகப் பாண்டிக்குப் புறப்பட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என் மனைவி அஞ்சலாட்சிக்குச் சபதத்தை அறிவித்தேன்.

"அஞ்சலை, நாளையிலேர்ந்து நான் குடம் தூக்கறதா இல்ல."

"சரிங்க."

எதிரி இவ்வளவு சீக்கிரம் சரணடைந்தால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

"அப்ப யாரு தூக்கறது?" என்றேன்.

"அதான் தெரியலீங்க. எனக்கு இடுப்பு வலி. உங்களுக்குக் கவுரவ வலி. ரெண்டு பேருக்கும் வலின்னா, தண்ணி தானா நடந்துதான் வரணும்."

"கிண்டல் பண்ணாத. நான் இப்ப லேசுப்பட்ட ஆள் இல்ல. முசியே வீட்டு மரத்தரை பூரா என்னை நம்பித்தான் கெடக்குது. நாளைக்கு அங்க மெஷினை இறக்கறேன். தண்ணிகூட அங்கயே போர்ல—"

"ஏங்க, அந்தப் பக்கத்து போர்த் தண்ணி..."

"நிறுத்து!" தட்டைத் தட்டினேன். ரசம் என் வேட்டியிலேயே தெறித்தது. "எதை எடுத்தாலும் உன் யோசனை. ஷெட்டுக்குப் பச்சை பெயின்ட்டு, உன் யோசனை. ரோட்டைப் பாத்து வாசல் வெச்சது, உன் யோசனை. லாரிக்காரனுக்கு டீ குடுக்கறது, உன் யோசனை. ஊர்ல இன்னா சொல்றான் தெரியுமா? மூளை அஞ்சலையோடது, மூஞ்சி மூர்த்தியோடதுன்றான்."

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"நீ சொல்ல வேணாம். இந்த வேலைய உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, தனி ஆளா முடிச்சிக் காட்டறேன். முடிச்சிட்டா, ஆயுசுக்கும் குடத்தைத் தொட மாட்டேன். பந்தயம்!"

"கேட்டுட்டீங்கன்னா?"

"நீயே சொல்லு."

அவள் யோசித்தாள். யோசித்தபடியே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"கேட்டுட்டீங்கன்னா, பெருமுக்கல்ல எங்க அண்ணன் வூட்டுக்கு வந்து ஒரு வேளை கை நனைக்கணும்."

நெஞ்சில் குத்திவிட்டாள். அவள் அண்ணன் கன்னியப்பன் வீட்டுப் படியை நான் மிதித்து வருஷம் ஆகிறது. அவர் மகள் இலக்கியாவின் மஞ்சள் நீராட்டுக்கு ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார். அப்போதுதான் எங்கள் பக்கம் அந்த பேனர் மோகம் வந்திருந்தது. சித்தப்பா, பெரியப்பா, பங்காளி எல்லார் போட்டோவும் போட்டிருந்தார். புது டிராக்டர் போட்டோவும் போட்டிருந்தார். சொந்தத் தங்கச்சி புருஷனான என் போட்டோ இல்லை. டிராக்டருக்கு இருக்கும் மரியாதை மாப்பிள்ளைக்கு இல்லையா? பந்தியில் உட்காராமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு அஞ்சலைதான் தனியாகப் போய் வருவாள். போன பொங்கலுக்குச் சீர் வாங்கிக்கொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூசி என்றாள். எந்த பஸ்ஸில் அவ்வளவு தூசி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மனசு சங்கடப்பட்டது நிஜம். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது சங்கடத்தைவிட ஒரு சாண் உயரம்.

"சரி, பந்தயம்" என்றேன். "இன்னொண்ணு. நானும் கேக்க மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது."

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கைக்குப் பின்னால் அவள் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

மறுநாள் காலையில் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். முசியே பாண்டியில். அங்கே நான் வைத்ததுதான் சட்டம். லாரி கழுவும் அதே கன், அதே நாசில், அதே பிரஷர். காலை அகட்டி நின்று, மரத்தரையின் நட்டநடுவில் ஒரு பீச்சு பீச்சினேன்.

ஒரு கோடு விழுந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. அதில் அரிசியை ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்திக் கோட்டின் மேல் வைத்தேன். கை தவறி இன்னொரு கோடு. இன்னொரு தொட்டி. முசியே வீட்டில் பூந்தொட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இப்படியே போனால் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்கள் தொட்டி மேல்தான் உட்காரவேண்டும்.

வேறு வழியில்லாமல் முசியே சொன்னதை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினேன். பிரஷரைக் குறைத்தேன். விசிறி நாசிலை மாட்டினேன். படிக்கட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத பலகையில் தள்ளி நின்று அடித்துப் பார்த்தேன். கீறவில்லை. ரேகையோடு ரேகையாக, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, நடுவில் நிற்காமல், பெருக்குவது போல அடித்துக்கொண்டே போனேன்.

என்ன சொல்வது! நரை போன இடத்தில் தேக்கு புது வெல்லத்தின் நிறத்தில் எழுந்து வந்தது. பாசி வழிந்து ஓடியது. பலகைக்குப் பலகை ரேகை வேறு வேறு. ஒன்றில் அலை, ஒன்றில் கண், ஒன்றில் மயில் கழுத்து. இத்தனை வருஷம் சேற்றுக்கு அடியில் இரும்பை மட்டுமே பார்த்த எனக்கு, அழுக்குக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாது. நிஜமாகவே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னந்தனியாக விசில் அடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை சும்மா பார்த்தாள்.

"எப்படிங்க போவுது வேலை?"

"கேள்வி கேக்கறதும் யோசனை சொல்றதுல சேந்ததுதான்."

"சரிங்க, கேக்கலை."

மறுநாள் போய்ப் பார்க்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் மரத்தரை நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்து, வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. முதலில் யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் உப்பு. பாத்தியில் முதல் உப்பு எப்படிப் பூக்குமோ அப்படியே பூத்திருந்தது. பலகை இடுக்கிலெல்லாம் பரல் பரலாக நின்றது.

அடடா, கழுவியது பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் கழுவினேன். வெயில் ஏறியது. மறுபடியும் பூத்தது. இன்னொரு தடவை கழுவினேன். இன்னும் கெட்டியாகப் பூத்தது. கழுவக் கழுவ விளைச்சல் கூடியது. உப்பள முதலாளிகள் யாராவது அந்தப் பக்கம் வந்திருந்தால் மரத்தரையைக் குத்தகைக்குக் கேட்டிருப்பார்கள். அப்போதுதான் அந்த போர்த் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுருக்கென்றது.

உப்பளத்து மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். உப்புத் தண்ணீரை வெயிலில் பரப்பினால் உப்பு விளையும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் மறந்துவிட்டது. லாரியில் விளைந்த உப்பையெல்லாம் லாரிக்காரன் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டு குடம் இல்லை, மெஷின் குடிக்கும் அளவுக்கு. ஊர்க் குழாயில் கேட்டால் குழாயடிப் பெண்கள் என்னையே பிழிந்து எடுப்பார்கள். எங்கே போவது? கேட்க வேண்டியவளிடம் கேட்கக் கூடாது. ராத்திரித் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மெதுவாக ஆரம்பித்தேன்.

"அஞ்சலை, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். நம்ம பக்கத்து வூட்டு ஜான்சன் இருக்கறான் இல்ல..."

"ஆமா, அவருக்கின்னா?"

"அவன் ஒரு மரத்தரைய உப்புத் தண்ணியில கழுவிட்டானாம். உப்பு பூத்துடுச்சாம். பாவம், நல்ல தண்ணி நெறைய வேணும்ன்றான். எங்க கெடைக்கும்னு எங்கிட்ட கேக்கறான். எனக்கின்னா தெரியும்?"

"அப்படீங்களா? ஐயோ பாவம்." அவள் எழுந்து நேராக வேலியோரம் போனாள். "ஏ சகாயமேரி! உங்க வூட்டுக்காரரு மரத்தரையில உப்பு பூத்துடுச்சாமே?"

ஜான்சன் பெண்டாட்டியின் குரல் வந்தது. "எங்க வூட்டுலயா? எங்க வூட்டுல சாணித் தரைதானே அக்கா. இந்த மனுஷன் எனக்குத் தெரியாம எங்க மரத்தரை போட்டாரு?"

"எந்த வூட்டுலயோ தெரியலடி. எதுக்கும் விசாரிச்சி வையி."

உள்ளே இருந்த ஜான்சனுக்கு அன்று கிடைத்த விசாரணை எங்கள் வீடுவரை கேட்டது. மறுநாள் அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நியாயம்தான்.

ஆனால் அஞ்சலை வேலியை விட்டு நகரவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். நான் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன்.

"நல்ல தண்ணின்னா எங்கண்ணன் கெணத்துத் தண்ணிதாண்டி. கற்கண்டு. டிராக்டர்ல மாட்டற தண்ணி டேங்க் ஒண்ணு வாங்கிப் போட்டுச்சி, அது சும்மாதான் நிக்குது. யாரு கேட்டாலும் குடுத்துடும்."

"நம்ம மூர்த்தி அண்ணன் போயிக் கேக்கலாமே அக்கா?"

"அவரா? செத்தாலும் போவ மாட்டாரு. ரோஷக்காரரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒட்டுக்கேட்பது கேட்பதாகுமா? ஆகாது. எந்தப் பஞ்சாயத்துக்குப் போனாலும் ஆகாது. அவளுடைய ரகசியத்தை அவளுக்குத் தெரியாமலேயே உருவிவிட்டேன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் நான் என்று நினைத்தபடி தூங்கினேன்.

விடிந்ததும் பெருமுக்கல். கன்னியப்பன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன சொல்வாரோ?

"வாங்க மாப்ளே!" துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். "இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"வேலை விஷயமாத்தான் வந்தேன் மச்சான். உங்க டேங்கு..."

"எடுத்துக்கோங்க. கழுவி, கெணத்துத் தண்ணி ரொப்பி, டிராக்டருக்கு டீசல் ஊத்தி நிறுத்தியிருக்குது."

கேட்பதற்கு முன்னாலேயே டேங்க் ரெடி. திரும்பிப் பார்த்தால் சமையல்கட்டிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு வாசனை. ஏழு மணிக்கு யார் வீட்டில் கோழி அடிப்பார்கள்? எனக்கு அது விசித்திரமாகப் படவேயில்லை. மாப்பிள்ளை வருவதைக் காக்கா கரைந்து சொல்லியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்று இலக்கியா வந்து இலை போட்டாள். சொந்தத் தொழில் விஷயமாகப் போன இடத்தில் சாப்பிடுவது பந்தயத்தில் வருமா? வராது. அதுவும் பிள்ளை கூப்பிடுகிறது. உட்கார்ந்தேன். மச்சான் எதிரில் உட்கார்ந்து விசிறினார்.

"மாப்ளே, அந்த பேனரு... போட்டோக்காரன் உங்க போட்டோவைத் தொலைச்சிட்டான். எனக்கு உங்க முன்னாடி வந்து சொல்ல மூஞ்சி இல்ல."

கையிலிருந்த கோழித் துண்டை இலையிலேயே வைத்துவிட்டேன். இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு பொங்கல் முழுக்க அவள் கண் சிவந்து வந்தாள்? "வுடுங்க மச்சான், டிராக்டரு நல்லா விழுந்திருந்திச்சி" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது.

"டிரைவரு யாரு மச்சான்?"

"டிரைவர் நின்னுட்டான் மாப்ளே. நீங்கதான் ஓட்டிக்கணும்."

ஓட்டினேன். டேங்க் தண்ணீரை மெஷினுக்குக் கொடுத்து மரத்தரையைக் கழுவினேன். காய்ந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பூத்தது. மறுபடியும் பெருமுக்கல், மறுபடியும் டேங்க், மறுபடியும் இலை. இந்தத் தடவை மீன். மூன்றாம் தடவை இடுக்கில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபோது, மரம் சுத்தமாகச் சிரித்தது. நாக்கை வைத்தே பார்த்தேன். உப்பு இல்லை.

அப்புறம் எழும்பி நின்ற சிலும்பைத் தேய்க்க உப்புத்தாள் வாங்கினேன். உப்பை எடுத்த மரத்துக்கு உப்புத்தாளா என்று கடைக்காரனிடமே கேட்டேன், அவன் சிரிக்கவில்லை. ரேகையோடு தேய்த்ததில் நான் போட்ட கோடுகளும் மழுங்கிப் போயின. தொட்டிகள் பழைய இடத்துக்குப் போயின. துணியில் லின்சீட் எண்ணெய் நனைத்து, பலகை பலகையாகப் பூசி, குடிக்காத எண்ணெயைத் துடைத்து எடுத்தேன். சாயங்கால வெயிலில் அந்தத் தரையைப் பார்த்தபோது, இதில் கால் வைக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றியது.

விருந்தன்று முசியேவின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்தாள். "அப்பா, பட்டு மாதிரி இருக்குது!" என்றாள். முசியே எல்லார் எதிரிலும் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். விருந்துக்கு வந்த கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் குனிந்து குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்கள். கூட்டத்தில் அஞ்சலையும் இருந்தாள். பட்டுச் சேலையில், அவர்களோடெல்லாம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கட்டிலில் சாய்ந்து கால்மேல் கால் போட்டேன்.

"அஞ்சலை, உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேக்கலீங்க."

"ஜான்சனுக்காகக் கேட்டது கணக்குல வராது."

"வராதுங்க."

"உங்கண்ணன் வூட்டுல சாப்பிட்டது?"

"அது தோத்தாத்தானே? நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே. ஜெயிச்சவரு எங்க வேணா சாப்பிடலாம்." பாயசத்தை என் கையில் வைத்தாள். "நேத்து அண்ணி போன் பண்ணிச்சு. மாப்ள ரெண்டாவது தடவை மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருன்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருக்குது." அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. எனக்கும் பாயசம் இனித்தது. பந்தயத்தில் தோற்றவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

"இனிமே நீங்க குடத்தைத் தொடவே வேணாம்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் குழாய்க்குப் போகாமல் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் முசியேவின் ஜீப் வந்து நின்றது.

"மூர்த்தி, மேடம் எல்லாம் பேசி முடிச்சிட்டாங்கப்பா. ரொம்ப சந்தோஷம்."

"எந்த மேடம்? எதைப் பேசி?"

"உன் சம்சாரம்தான். கடல் காத்துல மரம் மறுபடியும் உப்பு ஏறும் இல்ல? வாரா வாரம் நல்ல தண்ணியில கழுவி வுடணும். என்னோடது மட்டுமில்ல. மரத்தரை வெச்சிருக்கற கெஸ்ட் ஹவுஸ்காரங்க, பொம்மையார்பாளையத்துல ரெண்டு பேரு, பெரிய முதலியார்சாவடியில ஒருத்தரு, எல்லாரும் மேடத்துக்கிட்ட சொல்லிட்டாங்க. பெருமுக்கல்லேர்ந்து நீ டேங்க் ஓட்டியாந்துடுவியாமே?"

உள்ளே பார்த்தேன். அஞ்சலை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை! இன்னா இது?"

"இன்னாங்க? நீங்க குடம் தூக்க மாட்டேன்னுதான சொன்னீங்க? டேங்க் ஓட்ட மாட்டேன்னு சொல்லலியே."

"அண்ணன் கிட்ட டேங்கைக் கழுவி வெக்கச் சொன்னது..."

"நீங்க பந்தயம் கட்டின அன்னிக்கே சொல்லிட்டேன். உங்ககிட்டதான் சொல்லக் கூடாதுன்னீங்க. அண்ணங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லலியே."

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணன் வூட்டுலேர்ந்து வர்ற வழியிலதாங்க நம்ம தெருவும் இருக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் வாசல்ல நிறுத்தினா நம்ம அண்டா ரொம்பிடும். சகாயமேரியும் பாவம், ரெண்டு குடம் வெக்கறேன்னா. எதிர் வூட்டுலயும் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

இப்போது வாரத்தில் பாதி நாள் பெருமுக்கல்லில் இலை போட்டுச் சாப்பிடுகிறேன். மச்சான் டிராக்டரில் நான் தெருவுக்குள் நுழையும்போதே ஹாரன் சத்தம் கேட்டு அத்தனை வீட்டுக் கதவும் திறக்கும். முன்பு குழாயடியில் எனக்கு வழிவிட்ட அதே பெண்கள், இடுப்பில் குடத்தோடு வரிசையில் நின்று, "அண்ணே, சிந்தாமப் புடிங்கண்ணே" என்று அதட்டுகிறார்கள். ஆனால் பந்தயம் பந்தயம்தான்: குடத்தை நான் தொடுவதே இல்லை, ஓஸ் பைப்பை மட்டும்தான் பிடிக்கிறேன், தெருவுக்கே.